அரியணைத் திருச்சபையும் பள்ளித் திருச்சபையும்

ஒரு நாடு தன் கிறித்தவ மரபிலிருந்து விலகுகிறதா என்ற கேள்விக்கு இங்கிலாந்தும் அயர்லாந்தும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. இங்கிலாந்தில் மன்னரே திருச்சபையின் உச்ச ஆளுநர்; நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் 26 ஆயர்கள் அமர்கிறார்கள்; 2023-இல் மூன்றாம் சார்லசுக்குத் திருத்தைலம் பூசியே முடிசூட்டினார்கள். ஆயினும், வேல்ஸையும் சேர்த்து எடுத்த கணக்கெடுப்பில், தம்மைக் கிறித்தவர் எனப் பதிந்தோர் 2001-இல் ஏறத்தாழ 72 விழுக்காடு. 2021-இல் 46 விழுக்காடுதான். சடங்கு நிலைத்திருக்க, நம்பிக்கை ஓசையின்றித் தேய்ந்தது.

அயர்லாந்தின் கதை இவ்வளவு அமைதியானதன்று. 1937 அரசியலமைப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்கு அளித்த சிறப்பு நிலையை 1972 பொதுவாக்கெடுப்பு நீக்கியது என்றாலும், திருச்சபையின் உண்மையான பிடி சட்டத்தில் அல்ல, பள்ளியிலும் மருத்துவமனையிலும் இருந்தது. சிறார்மீது நிகழ்ந்த கொடுமைகளையும் அவற்றைத் திருச்சபை மறைத்ததையும் 2009-இல் வெளிவந்த விசாரணை அறிக்கைகள் அம்பலப்படுத்தியபின் திருச்சபையின் மதிப்பு சரிந்தது. 2015-இல் ஒருபாலர் திருமணத்தையும், 2018-இல் கருக்கலைப்புத் தடை நீக்கத்தையும் வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஏற்றனர்.

என் கணிப்பில், இங்கிலாந்தில் நடந்தது மறதி. அயர்லாந்தில் நடந்தது பிணக்கு. பிணங்கியவர்கள் வீட்டை முற்றிலும் விட்டுவிடவில்லை: 2022-இலும் 69 விழுக்காட்டினர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே குறித்தனர், தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது இன்னும் திருச்சபையின் பொறுப்பிலேயே உள்ளன, மாலை ஆறு மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் கத்தோலிக்கரின் மூவேளைச் செப மணியும் ஒலிக்கிறது.