கண்காட்சியா, காலை ஓட்டமா? ஒரு பத்மினிக்காரனின் கணக்கு

பழைய கார் கிளப்பில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. என்னுடையது 1978 பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர். கிளப்பில் மாதாமாதம் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் போக ஞாயிற்றுக்கிழமையும் போதாது, வீட்டாரின் பொறுமையும் போதாது. அதனால் போன வருடத்திலிருந்து கண்காட்சியைக் குறைத்துக்கொண்டு, எல்லோரும் வண்டிகளோடு சேர்ந்து கிளம்பும் காலை ஓட்டத்துக்கு மட்டும் தவறாமல் போகிறேன்.

கண்காட்சியில் சுகம் உண்டு, மறுக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். "எங்க அப்பாகிட்ட இதே கலர்ல இருந்துச்சு சார்" என்று யாராவது வந்து கதவைத் தடவுவார்கள். பாதிப் பேருக்கு இது மும்பை டாக்ஸி. அங்கேயே கடைசி பத்மினி டாக்ஸி 2023-ல் ஓய்வுபெற்றுவிட்டது என்றால் நம்ப மாட்டார்கள். பரிசுக்கு நிறுத்துகிறவர்கள் பாடு தனி: ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் போட்டுக் காட்ட வேண்டும், ஹோஸ் கிளிப்கூட அந்தக் காலத்ததா என்று நடுவர் குனிந்து பார்ப்பார். நான் பரிசுக்கு நின்றதில்லை. அந்தப் போதை எனக்குத் தெரியாது.

டி.எஸ்.டி. (நேரம், வேகம், தூரம்) ராலிக்கு ஒரே ஒரு முறை போனேன். சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், முந்தினாலும் அபராதம்தான். பக்கத்தில் உட்கார்ந்து வழிப்புத்தகம் படித்தவர் என் மச்சான். என் ஓடோமீட்டர் கிலோமீட்டரைத் தன் இஷ்டத்துக்கு எண்ணியதில், எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு இல்லை. ஒரு தடவை போனதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, விட்டுவிடுகிறேன்.

என்னை மாற்றியது பெட்ரோல். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும். வண்டி நின்றுகொண்டே இருந்தால் டேங்கில் துரு, கார்புரேட்டரில் பிசின், ஜெட்டில் அடைப்பு. பேட்டரி இறங்கும், பிரேக்கின் வீல் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். கண்காட்சிக்காக பாலிஷ் போட்டு, தூசி படாமல் ஒரு மாதம் போர்வைக்குள் வைத்திருக்கிறோமே, அந்த ஒரு மாதமும் உள்ளே நடப்பது இதுதான்.

காலை ஓட்டத்தில் ஐந்தரைக்குத் திருவான்மியூரில் கூடி, ஈசிஆரில் மாமல்லபுரம் போய், டிபன் முடித்துத் திரும்புவோம். போகவர நூறு கிலோமீட்டர் பக்கம். டேங்கில் கிடந்த பழசு தீரும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து ஆயிலில் சேர்ந்த ஈரம் போகும். இருக்கிற பழுதும் நாலு பேர் முன்னால் வெளியே வந்துவிடும்.

போன சித்திரையில் திரும்பி வரும்போது, கோவளம் தாண்டியதும் வண்டி விக்கித் திணற ஆரம்பித்தது. வேப்பர் லாக் என்றார்கள், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. பின்னால் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்காரர் மட்டும் விடவில்லை. "சூடு மட்டும் இல்ல தம்பி, பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க." தொட்டேன். அல்வா மாதிரி அமுங்கியது, விரலில் கறுப்பு ஒட்டியது. தன் டிக்கியிலிருந்து எத்தனால் தாங்கும் ஹோஸ் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். (நம் வண்டலூர் ஆலையில் பிறந்த வண்டி ஹெரால்ட். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகத் தூக்கிவிட்டு, டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். பொறாமையாக இருக்கும்.) கண்காட்சியில் இரண்டு முறை என் பத்மினியின் பானெட்டைத் திறந்து வைத்து நின்றிருக்கிறேன். ஒருவரும் ஹோஸைத் தொட்டதில்லை. 'தொடாதீர்கள்' என்று நானே அட்டை வைத்திருந்தேன்.

1930-களின் வண்டி வைத்திருப்பவருக்கு, டிரக்கில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதே சரியாக இருக்கலாம். அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2028-ல் என் வண்டிக்கு 50 வயது. 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று 'விஏ' எண் வரிசையில் பதிந்தால் அன்றாடம் எடுக்க முடியாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான். இட்லி சாப்பிட மாமல்லபுரம் போவது ராலியில் சேருமா என்று கிளப்பில் இப்போதே சண்டை. ஹெரால்ட்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார்: கிளம்பும் இடத்தில் ஒரு கொடியைக் கட்டி, யாராவது அதை அசைத்துவிட்டால் போதுமாம்.