தம்பி இழுத்த வேப்பை என் மேஜையில் பிரித்துப் பார்த்தேன்

நட்சத்திரம் தர மனசு வரவில்லை. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

வேப் என்றால் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற மின் சிகரெட். இது மாம்பழ வாசனை, தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வகை. மூன்று மாதமாக என் தம்பி இதைத்தான் இழுத்தான். இருமல் விடவே இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்கியது. கேட்டால், "வெறும் ஆவிதாண்ணா, சிகரெட் இல்லையே" என்பான். நான் மொபைல் சர்வீஸ் செய்பவன். ஒரு நாள் அவன் கையிலிருந்து வாங்கிப் பிரித்துவிட்டேன்.

உள்ளே ஒரு சின்ன லித்தியம் செல், திரவத்தில் ஊறிய பஞ்சு, நடுவில் கம்பிச் சுருள். சுருளை ஒட்டிய பஞ்சு கன்னங்கரேலென்று கருகியிருந்தது. கம்பியை இணைத்த இடத்தில் இருந்த சால்டர் பொட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. சால்டரிங் புகைக்கே எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொண்டு உட்காருகிறவன் நான். இந்த மாதிரிச் சாதனங்களின் ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் ஆய்வுகளில் அகப்பட்டிருக்கின்றன. சுருளிலிருந்தும் உலோக இணைப்புகளிலிருந்தும் அவை திரவத்தில் இறங்குகின்றன. தம்பி மூன்று மாதம் உள்ளே இழுத்தது அதைத்தானோ என்று நினைக்க நினைக்க வயிறு கலங்கியது.

பெட்டியைப் புரட்டினேன். '5%' நிகோடின் என்று இருக்கிறது, அதாவது ஒரு மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது. தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை. சேர்மானம் என்ற இடத்தில் 'ஃப்ளேவர்' என்று ஒரே சொல்.

அந்த ஒரு சொல்தான் எனக்குப் பெரிய பயம். சாப்பிடலாம் என்று சான்று பெற்ற வாசனைப் பொருளைச் சூடாக்கிச் சுவாசிக்கலாம் என்று யாரும் சான்று தரவில்லை. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டிலைச் சுவாசித்த பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறிப் போயின. வைட்டமின் ஈ அசிடேட் முகத்தில் பூசும் கிரீமில் இருப்பது. அமெரிக்காவில் அதைக் கலந்த கஞ்சா எண்ணெய் வேப்கள் கள்ளத்தனமாகப் புழங்கின. 2019-ல் அங்கே தொடங்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் அந்த அசிடேட் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் சோதிக்க வேண்டியவர் யார் என்பது பல நாடுகளில் தெளிவாக இல்லை. புகையிலைச் சட்டம் இலையைப் பார்க்கிறது, உணவுச் சட்டம் வயிற்றுக்குப் போவதைப் பார்க்கிறது, மருந்துச் சட்டம் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பொருளைப் பார்க்கிறது. இது மூன்றிலும் சிக்காமல் நழுவிவிடுகிறது. தடை போட்ட இடத்தில் வருவது கள்ளச் சரக்கு, அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அனுமதித்த இடத்திலும் பல நேரம் தயாரிப்பாளர் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு. நான் விற்கும் சார்ஜருக்குக் கேட்கிற சான்றிதழைக்கூட இதற்குக் கேட்க ஆளில்லை.

தம்பி டாக்டரிடம் வேப் விஷயத்தை முதலில் மறைத்துவிட்டான். சாதாரணச் சளி என்று மருந்து வாங்கி இரண்டு வாரம் வீணானது. வேப் பிடிக்கிறவருக்கு இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால், டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். சாதனத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.