ஜெர்மனியில் படிக்கும்போது ஜெர்மன் படம் பார்ப்பது: என் அனுபவம்

ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு பாஸ் செய்துவிட்டு வந்தவர்களுக்கும் பேக்கரியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது பிடிபடாது. வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், வெளியே யார் அப்படிப் பேசுகிறார்கள்? மியூனிக்கில் முதுகலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜெர்மன் படங்களை விடாமல் பார்த்துவருகிறேன். என் காது பழகியது அவற்றால்தான்.

இங்கே பெரும்பாலான தியேட்டர்களில் ஹாலிவுட் படங்கள் ஜெர்மன் டப்பிங்கில்தான் ஓடும். மூல மொழியில் வேண்டுமென்றால் காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் ஓ.வி. (மூல மொழி) அல்லது ஓ.எம்.யு. (மூல மொழியோடு சப்டைட்டில்) என்று போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். நம்மவர்கள் அதைத்தான் தேடுவார்கள். நான் சொல்வேன், முதல் ஆறு மாதம் டப்பிங்கே பாருங்கள். ஸ்டுடியோவில் பேசுவதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். தெலுங்கில் கமலுக்கு எஸ்.பி.பி. பேசியது மாதிரி, ராபர்ட் டி நீரோவுக்குப் பல காலமாகக் கிறிஸ்டியான் ப்ரூக்னர்தான் குரல். அப்புறம் டப்பிங்கை விட்டுவிட வேண்டும். தெருவில் பாதிச் சொல்லை விழுங்கிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு ஜெர்மன்காரர்களே எடுக்கும் படங்களில்தான் கிடைக்கும்.

எனக்கு அதிகம் உதவியது ஏஆர்டி சேனலின் ‘டாட்டோர்ட்’. 1970 முதல் வரும் போலீஸ் கதைத் தொடர். ஞாயிறு இரவு 8.15 மணிக்குத் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வழக்கு முடிந்துவிடும். வாரம் ஒரு நகரம் என்று போலீஸ் குழு மாறுவதால் பேச்சு வழக்கும் கொஞ்சம் மாறும். விசாரணைக் காட்சிகளைத் தனியாகத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். நேற்று எங்கே இருந்தீர்கள், யாரோடு போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று கேள்வியும் பதிலும் சின்னச் சின்னதாக, எல்லாம் இறந்தகாலத்தில். இலக்கணப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தும் நிற்காதது இதில் தானாக நின்றது.

சப்டைட்டில் ஜெர்மனிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் வைத்தால் கண் படித்துக்கொண்டே போகும், காது வேலை செய்யாது. ஏஆர்டி, இசட்டிஎஃப் சேனல்களின் நிகழ்ச்சிகளை விரும்பிய நேரத்தில் பார்க்க உதவும் மீடியாதேக் செயலிகள் இலவசம். காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் அதில் இருக்கிறது. பேசுபவரைப் பொறுத்து எழுத்தின் நிறம் மாறும். நாலு பேர் ஒரே மேசையில் சத்தம் போடும் காட்சியில் அந்த நிறங்கள் இல்லாவிட்டால் நான் தொலைந்துபோயிருப்பேன்.

வட்டார வழக்கு வந்தால் பயப்படாதீர்கள். சுவிட்சர்லாந்தில் எடுக்கும் டாட்டோர்ட் கதைகளை ஜெர்மனியில் பொது ஜெர்மனுக்கு டப் செய்தே ஒளிபரப்புகிறார்கள். பவேரிய வழக்கு எனக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை, சப்டைட்டிலோடுதான் பார்க்கிறேன்.

தியேட்டருக்குப் போவதென்றால் கினோடாக் அன்று போங்கள். வாரத்தில் அந்த ஒரு நாள் டிக்கெட் மலிவு. ஏஆர்டி, இசட்டிஎஃப் போன்ற பொதுச் சேனல்களுக்கான ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று 2021 ஆகஸ்டில் ஆனது. மாணவர்களும் கட்டத்தான் வேண்டும், அதனால் மீடியாதேக்கைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உரிமம் காரணமாகப் பல படங்கள் ஜெர்மனிக்கு வெளியே திறக்காது. விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.