கேனன் லைடு 300 ஸ்கேனர்: படம் வரைகிறவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு வெளியூர்ப் பதிப்பகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பவருக்கு, தூரிகையைக் கீழே வைத்ததோடு வேலை முடிவதில்லை. தாளில் இருக்கும் நிறம் அப்படியே ஃபைலுக்குள் போக வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் சுருக்கப்பட்ட பிடிஎஃப்தான் கிடைக்கும். வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் வெள்ளையோடு வெள்ளையாகிவிடும். மூலப்படத்தை ஃபீடருக்குள் விட்டுவிட்டால் கதை கந்தல். ஃப்ரீலான்ஸ் வேலையில் இறங்கியவுடன் சொந்த ஸ்கேனர் வாங்கச் சொல்வது இதனால்தான். கைக்கு அடங்குகிற விலையில் கிடைப்பவற்றில் கேனன் லைடு 300 ஒன்று.

பேனாக் கோட்டுக்கும் வாட்டர்கலருக்கும் கொள்ளாம். தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் வேலை நிற்காது.

ஆனால் ‘ஆட்டோ’ பட்டனை நம்பாதீர்கள். அது படத்தை ஆபீஸ் காகிதம்போல நினைத்து வெளிர் பூச்சுகளைத் துடைத்துவிடும். ஸ்கேனரோடு வரும் ஸ்கேன்கியர் என்ற மென்பொருளின் திரையைத் திறந்து அட்வான்ஸ்டு மோடுக்குப் போங்கள். இமேஜ் அட்ஜஸ்ட்மென்ட்டை ‘நன்’ (None) என்று மாற்றுங்கள். கோடுகளின் விளிம்பைக் கூராக்கிக் காட்டும் அன்ஷார்ப் மாஸ்க் முன்கூட்டியே ஆனில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாளின் சொரசொரப்பு படத்தைவிட முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். வண்ணப்படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபார்மட். ஏ4 அளவுக்கு ஒரு ஃபைல் சுமார் 100 எம்பி வரும். அச்சுக்கு 300 போதும் என்றாலும், பின்னால் அட்டைப்படத்துக்குப் பெரிதாக்கக் கேட்டால் கைகொடுப்பது இந்த 600தான்.

பலரும் சிக்கிக்கொள்வது கண்ணாடியின் அளவில். அது 216 × 297 மி.மீ. பதிப்பகம் ஏ4 பக்கத்துக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்) கேட்டால் படம் 216 × 303 ஆகிவிடும். அகலம் மயிரிழையில் அடங்கும், நீளம் அடங்காது. ஏ3 தாளை இரண்டு ஸ்கேனில் எடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுவது வெறும் 12 மி.மீ.தான், ஒட்டும் இடம் போட்டோஷாப்பில் சரியாகச் சேராது. மூன்று துண்டாக எடுங்கள். அதைவிட நல்லது, பென்சில் வைக்கும் முன்பே ப்ளீட் உட்பட 20 × 28 செ.மீ.க்குள் கட்டம் போட்டுக்கொள்வது. அச்சில் கொஞ்சம் பெரிதாகும், 600 டிபிஐ அதைத் தாங்கும்.

இதிலிருப்பது சிஐஎஸ் சென்சார், அதாவது கண்ணாடிக்கு வெகு அருகில் இருந்தே படத்தைப் பதியும் வகை. கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே துல்லியமாகப் பதியும். தாள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே அந்த இடம் மங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரக்காற்றில் மெல்லிய தாள் பப்படம்போல நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளில், நான்கு ஓரமும் டேப் ஒட்டி வரையுங்கள். ஸ்கேன் செய்யும்போது மூடியின்மேல் கனமான அகராதி ஒன்று இருக்கட்டும். கோவாஷ் (ஒளி ஊடுருவாத கெட்டியான நீர்வண்ணம்) தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். மழைநாளில் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும்.

தாளின் மேடுபள்ளம் நிழலாக விழுகிறதா? ஒரு முறை நேராகவும் இன்னொரு முறை தலைகீழாகத் திருப்பியும் எடுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதின் மேல் 50 சதவீத ஒபாசிட்டியில், அதாவது பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்தால் நிழல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வீடு என்றால் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கண்ணாடியின் மேல்பக்கத்தைத் துடைத்துவிடலாம், உள்பக்கம் படியும் மங்கலுக்கு வழியில்லை. துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் வேண்டாம்.

கொலாஜ், துணி ஒட்டிய படம், தடித்த அக்ரிலிக் என்று வேலை செய்பவர்கள் இதை வாங்க வேண்டாம். எப்சன் வி600 போன்ற சிசிடி ஸ்கேனர்தான் (லென்ஸ் வழியாகப் பதிவதால் கண்ணாடியை ஒட்டாத இடமும் தெளிவாக வரும் வகை) அதற்குச் சரி. விலை பல மடங்கு, மேசையில் இடமும் நிறைய அடைக்கும். வாங்கும் நேரத்தில் எப்சன் வி39 கண்ணில் படும், அதுவும் சிஐஎஸ்தான்.