வேலியைப் பிடுங்கியவர்களும் விதை போட்டவர்களும்

இங்கிலாந்தில் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்தைப் பெரிய நிலக்காரர்கள் வேலி போட்டு வளைத்தார்கள். 1549-இல் நார்ஃபோக் மக்கள் அந்த வேலிகளைப் பிடுங்கினார்கள். தன் வேலியையே உடைக்க வந்தவர்களோடு சேர்ந்துகொண்ட ராபர்ட் கெட், சுமார் 16,000 பேரோடு முகாமிட்டு நாரிச் நகரையே பிடித்தார், அப்புறம் அரசுப் படை வந்து நொறுக்கியது, அவரையும் தூக்கிலிட்டார்கள்.

1649-இல் சர்ரேயில் ஜெரார்டு வின்ஸ்டன்லியின் குழுவான டிக்கர்கள், அதாவது ‘தோண்டுகிறவர்கள்’, பொது நிலத்தைக் கொத்திக் கேரட்டும் பீன்சும் விதைத்தார்கள். சரி, ஆயுதம் எடுக்காதவர்களை விட்டார்களா? அடித்து, குடிசைகளைக் கொளுத்தி, ஒரே வருடத்தில் விரட்டினார்கள்.

ஆள்பலம் ராபர்ட் கெட் பக்கம்தான். ஆனால் அவருடைய 29 கோரிக்கைகளில் பல பிரபுக்களின் பேராசைக்குக் கடிவாளம் கேட்டன, அவ்வளவுதான். நிலத்தை ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்வதே அநியாயம் என்று சொன்ன டிக்கர்கள் பக்கம்தான் நான்.