11 ஆண்டுகளாக ஒரே ஆங்கில - தமிழ் அகராதி: 'இன்' பக்கங்களோடு என் சண்டை

போன வாரம்தான் அகராதியை பைண்டிங் செய்து வாங்கி வந்தேன். முதுகு பிய்ந்து, 'எஸ்' பக்கங்கள் மொத்தமாகக் கழன்று விழும் நிலையில் இருந்தது. அதைப் பார்த்த நண்பர், "மகளுக்கு இதையே வாங்கலாமா?" என்று கேட்டார். உடனே பதில் வரவில்லை. மொழிபெயர்ப்பு வேலைக்காக 11 ஆண்டுகளாக நான் தினமும் புரட்டும் புத்தகம் இது.

தாள், அச்சு, சொற்களின் எண்ணிக்கை எதிலும் குறையில்லை. தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தெடுத்திருக்கும் நேர்த்தியை இன்றும் வியக்கிறேன். என் கோபமெல்லாம் ஒன்றின் மீதுதான். ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, எது எதற்கு உறவு, எது அந்நியம் என்று இந்த அகராதி வாயே திறப்பதில்லை.

'இன்' பக்கங்களைப் பாருங்கள். இன்கேபபிள் என்றால் இயலாத, இன்கியூரபிள் என்றால் தீராத, இன்ஃபினிட் என்றால் முடிவற்ற. பக்கம் பக்கமாக இப்படியே போனால் 'இன்' என்றாலே 'இல்லை' என்று கண் பழகிவிடும். ஒருமுறை ஒரு கரைப்பான் டப்பாவின் எச்சரிக்கை வாசகத்தில் 'இன்ஃபிளேமபிள்' வந்தது. அகராதியைத் திறக்காமலே 'தீப்பற்றாத' என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் பிடித்திராவிட்டால் அந்தச் சொல் டப்பாவில் ஏறியிருக்கும். நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. அங்கே 'இன்' மறுப்பு அல்ல. லத்தீனில் 'உள்ளே' என்று பொருள்படும் இன்னொரு 'இன்' அது. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றுவது. அகராதியில் சரியான பொருள்தான் இருந்தது. திறந்து பார்க்காதது என் தவறு. ஆனால் அந்தப் பழக்கத்தை என் கண்ணுக்கு ஊட்டியவை இதே பக்கங்கள்தாம். அங்கே ஒரு வரிக் குறிப்பு போட்டிருக்கக் கூடாதா?

'பெட்' பக்கமும் அப்படித்தான். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டும் லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. பக்கத்திலேயே இருக்கும் பீடியாட்ரிக்ஸ், குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் நடுவே ஓர் 'ஏ' நிற்பதால் அது வேறு பக்கத்துக்குப் போய்விடும். என் அகராதி அமெரிக்க எழுத்துமுறைக்காரர்களுடையது. வம்சாவளியைக் குறிக்கும் 'பெடிகிரி' பழைய பிரெஞ்சில் 'நாரையின் கால்'. வம்சப் படத்தில் கிளை பிரிக்கப் போட்ட கோடு நாரைக் காலைப் போல இருந்ததாம். இதையெல்லாம் வேறொரு அகராதியில் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு கோபத்துக்கும் நடுவே, இதே அகராதி தந்த ஒரு மகிழ்ச்சியை மறக்க முடியாது. 'முன்' என்று பொருள்படும் லத்தீன் 'ஆன்டி', 'எதிர்' என்று பொருள்படும் கிரேக்க 'ஆன்டி' இரண்டும் ஒரு எழுத்தில்தான் வேறுபடும். முன்னதில் 'ஈ', பின்னதில் 'ஐ'. ஆனால் 'ஆன்டிசிபேட்' என்ற சொல் 'ஐ' போட்டு எழுதப்பட்டாலும் 'முன்' குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு அகராதி தந்திருந்த தமிழ்: எதிர்பார். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரியிலும் 'எதிர்', எதிர்காலத்திலும் 'எதிர்'. பகையையும் முன்னே வருவதையும் நம் சொல் ஒன்றே தாங்குகிறது. அந்த லத்தீன், கிரேக்கச் சொற்களும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்று பிறகு அறிந்தபோது, அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

நண்பருக்குப் பதில் சொல்லிவிட்டேன்: வேண்டாம். வளரும் பெண்ணுக்குச் சொல்லின் பிறப்பையும் சேர்த்துச் சொல்லும் அகராதிதான் வேண்டும்.

பைண்டிங் செய்தவர் ஓரத்தைச் சற்று அதிகமாக வெட்டிவிட்டார். 'ஆன்டிசிபேட்' அருகே பென்சிலால் எழுதி வைத்திருந்த 'எதிர்' இப்போது 'எதி' என்று நிற்கிறது. விடுபட்ட எழுத்தை அதற்குக் கீழே நேற்றிரவு எழுதிச் சேர்த்தேன்.