பெல்ட்டுக்கு அடியில் பாருங்கள்: தூசில்லா நிலக்கரி அமைப்புகளோடு 11 வருடம்

தூத்துக்குடிக் கரையில் நிலக்கரி இறக்கும் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் பங்குனி மாதம் மத்தியானத்துக்கு மேல் வர வேண்டும். ஆடியில் வந்து பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆடிக் கச்சான் மேற்கிலிருந்து அடித்து, கிளம்புகிற தூசையெல்லாம் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஊருக்குள் ஒன்றும் தெரியாது. பங்குனியில் அப்படி இல்லை. வெயில் ஏறியதும் கொண்டல் எழும்பும். கப்பல் அணையும் ஜெட்டியில் கிளம்பும் தூசு நேராகக் கரைக்கு வந்து உப்பளத்துப் பாத்தியில் உட்காரும். உப்பு வாரும் காலமும் அதுதான்.

இந்தக் கரையில் ஓர் அனல்மின் நிலையத்தில், சி.எச்.பி. என்று நாங்கள் சொல்லும் நிலக்கரிப் பிரிவில், கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்பு பார்க்கிறேன். சொந்த ஊர் ஏரல் பக்கம். பெரியம்மா குடும்பம் முள்ளக்காட்டில் உப்பள வேலை பார்க்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே பெரியம்மா சொன்னது இன்னும் மறக்கவில்லை. "ஏல ஐயா, உங்க கரித்தூசு எங்க உப்புல வந்து கெடக்கு. யாவாரி பாத்துட்டு வெலயக் கொறைக்கான்." அதன் பிறகு எந்தப் புது அமைப்பு வந்தாலும், அது வந்த வருடம் பெரியம்மாவின் பாத்தி எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

எவ்வளவு கரி என்று சொன்னால்தான் விஷயம் புரியும். தூத்துக்குடியின் பழைய அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் இயந்திரங்கள் 5. ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கப்பலில் கரி வரும். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் எரியும். 1,050 மெகாவாட்டும் முழுசாக ஓடினால் நாளைக்கு 17,000 டன்னுக்கு மேல் பெல்ட்டில் போக வேண்டும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிந்தினாலே 17 டன்.

சரி, கப்பலிலிருந்து தொடங்குகிறேன். எங்களிடம் முதலில் இருந்தது கிராப் மட்டும்தான். இரண்டு தாடையால் கரியை அள்ளி, தூக்கி வந்து, ஹாப்பர் என்ற பெரிய புனல்தொட்டிக்கு மேலே வாயைத் திறக்கும். தாடைக்கு நடுவில் ஒரு கல் சிக்கினால் போதும், வழி நெடுகச் சிந்தும். ஹாப்பரைச் சுற்றித் தண்ணீர்ப் புகை அடிக்கும் நாசில்களை வைத்தார்கள். காற்றில்லாத நாளில் அருமையாக இருந்தது. காற்று அடிக்கும் நாளில் அந்தப் புகை ஹாப்பர் வாயில் நிற்கவே இல்லை. பிறகு மூன்று பக்கமும் உயரமாகத் தடுப்பு ஏற்றினோம். கிராப் ஆட்டம் நின்றதும் ஹாப்பருக்குள் நன்றாக இறக்கி, அதன் பிறகே திறக்க வேண்டும் என்று ஆபரேட்டர்களிடம் சொன்னோம். பெரிய செலவில்லாத இந்த இரண்டும் கொடுத்த பலனை நாசில்கள் தனியாகக் கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அள்ளலுக்கும் சில விநாடி கூடும். கப்பல் தாமதமானால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும் என்று மேலிருந்து நெருக்குவார்கள். அந்த நெருக்கடி வரும் நாளில்தான் தூசும் கிளம்பும். அமைப்பு வாங்கும்போதே இந்த விநாடிகளையும் கணக்கில் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான்கு வருடத்துக்கு முன்பு, கப்பல் நிற்கும் இன்னொரு பெர்த்துக்கு ஸ்க்ரூ அன்லோடர் வந்தது. நீளக் குழாய்க்குள் திருகு சுழன்று, கப்பலின் அடியறையிலிருந்து பெல்ட் வரைக்கும் கரியை மூடிய வழியிலேயே கொண்டுவரும். தூசு என்று பார்த்தால் கிராப்போடு இதை ஒப்பிடவே முடியாது. இரவில் பக்கத்தில் நின்று வெள்ளைச் சட்டையோடு பேசலாம். மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும். நம் நாட்டுக் கரியில் சாம்பலும் கல்லும் அதிகம் என்பதால் திருகின் ஓரம் சீக்கிரம் தேயும். அடியறையில் கடைசியாகக் கிடக்கும் கரியை டோசர் விட்டுத் தள்ளிக் கொடுக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் எனக்கு இதன் மேல் குறையில்லை.

அடுத்தது, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குக் கரி விழும் டவர்கள். இங்கே டிரை ஃபாக் போட்டிருக்கிறோம். அழுத்தக் காற்றும் தண்ணீரும் சேர்ந்து மிக நுண்ணிய துளியாக வரும். துளி பெரிதாக இருந்தால் தூசு அதைச் சுற்றி விலகிப் போய்விடும். தூசு அளவுக்கே துளியும் இருந்தால்தான் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். கரி நனையாது என்பதும் பெரிய நன்மை. நனைந்த கரி எரியும்போது அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் இந்த ஊர் போர்வெல் தண்ணீரிலேயே ஓட்டச் சொன்னார்கள். கடற்கரைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முதல் மாதத்திலேயே நாசில் வாயில் உப்புப் பிடித்து, பாதி அடைத்துப்போனது. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. தண்ணீர்ச் செலவையும் வடிகட்டிச் செலவையும் சேர்த்து விலை கேளுங்கள். தூசை உறிஞ்சித் துணிப்பையில் பிடிக்கும் பேக் ஃபில்டர் மழைக்காலத்தில் ஈரத்தூசு அப்பி மூச்சு முட்டும். எங்கள் ஊருக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். பெல்ட்டுக்கு மேலே கூரை, பக்கத்தில் தகடு என்று மூடிவிட்டு "மூடிய அமைப்பு" என்று காட்டுவார்கள். கீழே குனிந்து பாருங்கள். கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் பெல்ட்டில் நுண்ணிய ஈரக்கரி ஒட்டியிருக்கும். போகப் போகக் காய்ந்து, திரும்பும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ரோலரிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நான் பார்த்தவரை எங்கள் தூசில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. அதைக் கூட்டி அள்ளியவர்கள் பக்கத்துக் கிராமத்து ஒப்பந்த வேலைக்கார அக்காமார். துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அள்ளுவார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் எச்சிலில் கறுப்பு வரும் என்று ஓர் அக்கா சொன்ன நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருடக்கணக்கில் அந்தத் தூசு நுரையீரலில் படிந்தால் திரும்பிச் சரியாகாத நோய் வரலாம்.

இதற்கு மருந்து, பெல்ட்டில் ஒட்டியதைப் பிளேடால் சுரண்டி எடுக்கும் ஸ்கிரேப்பர். கரியைக் கொட்டிவிட்டு பெல்ட் திரும்பும் தலைப் புல்லியில் (உருளையில்) ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. பிளேடு தேய்ந்து ஒரு விரல்கடை இடைவெளி விழுந்தாலே போட்டும் பயனில்லை. முதல் மூன்று வருடம் பிளேடு உடைந்த பிறகுதான் மாற்றினோம், அது எங்கள் தவறு. எங்கள் மூத்த ஃபோர்மேன் அண்ணாச்சி ஒருவர்தான் வாரா வாரம் எல்.சி. (மின்சாரத்தைத் துண்டித்து வேலை பார்க்கும் அனுமதி) எடுத்து, பெல்ட்டை நிறுத்தி, ஒவ்வொரு பிளேடையும் அளக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். கரி விழும் ஷூட்டின் ஓரத்தில் சிந்தாமல் தடுக்கும் ஸ்கர்ட் ரப்பரையும் அப்போதே பார்ப்போம். ஆறே மாதத்தில் அடியில் அள்ளும் கரி பாதிக்கும் கீழே வந்தது. புது மெஷின் ஒன்றும் வாங்கவில்லை.

அப்புறம் பைப் கன்வேயர். உப்பளத்தை ஒட்டிப் போகும் நீளமான பெல்ட்டை ஆறு வருடத்துக்கு முன்பு இதற்கு மாற்றினார்கள். ஆறு ரோலர் சுற்றிலும் அழுத்தி, பெல்ட்டையே குழாயாகச் சுருட்டும். கரி உள்ளே. திரும்பும்போதும் பெல்ட் சுருண்டே வரும், கரி ஒட்டிய பக்கம் உள்ளே மடங்கியிருக்கும். மேலே சொன்ன உதிரும் பிரச்சினை அடியோடு போனது இங்கேதான். வளைந்தும் போகும் என்பதால் இடையில் இரண்டு டவர்களே தேவைப்படாமல் போயின. டவர் குறைந்தால் கரி விழும் இடமும் குறைகிறது.

இதற்கும் வேலை உண்டு. வளைவில் குழாய் மெல்லத் திரும்பி, மேலே இருக்க வேண்டிய மடிப்பு பக்கவாட்டுக்கு வந்துவிடும். மழை நாளிலும் கரியில்லாமல் ஓடும்போதும் அதிகம். ரோலரைச் சற்றே சாய்த்து வைத்துச் சரிசெய்ய வேண்டும். கை பழக ஒரு வருடம் ஆகும். முக்கால் அளவுக்கு மேல் நிரப்பினால் வாய் பிளந்துவிடும். ரோலர் ஏராளம், அதனால் சத்தமும் மின்சாரச் செலவும் கூடும். உதிரி ரோலர் கையிருப்பு இல்லாமல் இதை ஓட்ட முயலாதீர்கள்.

எந்த மூடிய அமைப்பிலும் தீ விஷயத்தில் அசட்டை கூடாது. இந்தோனேசியக் கரி சீக்கிரம் தானாகச் சூடேறும். கரியைக் குவித்து வைக்கும் யார்டில் கனன்றுகொண்டிருக்கும் கரி தெரியாமல் பெல்ட்டில் ஏறினால், பெல்ட் போகும் மூடிய காலரியில் படிந்த தூசும் சேர்ந்து பெரிய விபத்தாகிவிடும். திறந்த பெல்ட்டில் புகை கண்ணுக்குத் தெரியும், குழாய்க்குள் தெரியாது. ஏற்றும் இடத்திலேயே வெப்பம் கண்டுபிடிக்கும் சென்சாரும் வழி நெடுக வெப்ப உணர்வுக் கேபிளும் இல்லாமல் பைப் கன்வேயரை ஏற்க வேண்டாம்.

யார்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குள்ள பெரிய வருத்தம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் யார்டின் படிவுத்தொட்டி நிரம்பி, கறுப்புத் தண்ணீர் வெளியே போனது. வருடக்கணக்கில் தூசு விழாமல் காத்த பாத்திகளில் ஒரே இரவில் கரி போய்ச் சேர்ந்தது. இறக்குவதற்கும் கொண்டுபோவதற்கும் செலவழித்ததில் சிறு பங்கை அந்தத் தொட்டியைப் பெரிதாக்கவும் யார்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டவும் ஒதுக்கியிருந்தால் அவ்வளவு போயிருக்காது. இப்போதுதான் அந்த வேலை நடக்கிறது.

உடன்குடி அனல்மின் நிலையத்தில் 660 மெகாவாட் இயந்திரங்கள் 2. கல்லாமொழிக் கடலுக்குள் தனி ஜெட்டியும் கட்டியிருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போகும் தம்பிமார் என்னிடம் எதைப் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். ஸ்கிரேப்பர் பிளேடு மாற்றப் பழகுங்கள், குழாய் மடிப்பைக் கண்ணால் பிடிக்கப் பழகுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

போன பங்குனியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பாத்தி ஓரத்தில் குவித்திருந்த உப்பில் ஒரு கை அள்ளிக் காட்டினார். தெற்குப் பக்கக் குவியலில் மட்டும் லேசாகக் கறுப்பு இருந்தது. அந்தப் பக்கம் இன்னும் பைப்புக்கு மாறாத பழைய பெல்ட் போகிறது. அதன் ஸ்கிரேப்பர்களை மாசி முடிவதற்குள் மாற்ற இப்போதே இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் கோரிக்கை) போட்டிருக்கிறேன்.